குருத்வாரா மேடையில் பேசப்போகும் பிள்ளை: சீக்கிய இளையோர் பேச்சுப் போட்டிக்குத் தயார்செய்யும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள, சீக்கியரின் வழிபாட்டிடங்களான குருத்வாராக்களில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது ‘சீக் யூத் சிம்போசியம்’. பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நூலையும் அந்நூலை ஒட்டிய வினாக்களையும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அவ்வினாக்களுக்கான விடையே பேச்சு. உள்ளூர்ச் சுற்றில் வென்றவர் வட்டாரச் சுற்றுக்கும், அதில் வென்றவர் இறுதிச் சுற்றுக்கும் செல்வார்.

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு குருத்வாராவின் ஞாயிறு வகுப்பில் ஐந்து பருவங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்திருக்கிறேன். நான் சீக்கியன் அல்லேன். பக்கத்துத் தெருத் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தியவன் என்பதற்காக அழைக்கப்பட்டவன். முதல் பருவத்தில் நான் செய்த பிழைகள் பெரும்பாலும் வேலைகளின் வரிசையைப் பற்றியவை. எழுதி, மனப்பாடம் செய்து, பிறகு பொருள் கேட்பது என்ற வரிசையில் போனால் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கக்கூடும். ஆனால் ‘நீ யார்?’ என்று பள்ளியில் ஒருவன் கேட்கும்போது அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்காது. கீழே உள்ள வரிசை, பிறகு வந்த பருவங்களில் திருத்தித் திருத்தி அமைத்தது. 9 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை எட்டு வாரக் கால அவகாசம். நான்கு வாரத்தில் முடித்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் நூலைப் படிக்கும் வாரங்களைத்தான் வெட்டினார்கள், ஒப்பிக்கும் வாரங்களை வெட்டவில்லை.

குறித்து வைக்கப்பட்ட நூல், விதித்தாள், கோடு போட்ட ஒரு நோட்டு, உள்ளங்கை அளவு அட்டைகள், குரலைப் பதிவுசெய்ய ஒரு கைபேசி ஆகியவை போதும். ஆட்களாக இருவர் வேண்டும். ஒருவர், பஞ்சாபி எழுதப்படும் குர்முகி எழுத்தைச் சரியாக வாசிக்கத் தெரிந்தவர். குருத்வாராவில் புனித நூலை ஓதும் கிரந்தியோ பஞ்சாபி வகுப்பு ஆசிரியரோ இதற்குப் பொருத்தமானவர். மற்றவர், சீக்கிய சமயத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர். இந்த இரண்டாம் ஆளைப் பெரும்பாலான குடும்பங்கள் தேடுவதே இல்லை. என்னால் அந்த வகுப்புக்கு ஏதாவது பயன் விளைந்திருந்தால் அது என் அறியாமையால் விளைந்ததுதான்: ‘லங்கர் என்றால் அன்னதானம்தானே?’ என்று நான் கேட்டதற்கு ஒரு பத்து வயதுச் சிறுமி எரிச்சலோடு சொன்ன விளக்கம், அவள் எழுதி வைத்திருந்த பத்தியைவிடப் பல மடங்கு தெளிவாக இருந்தது. எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பதும், உண்டவரே எழுந்து பரிமாறுவதும் அதில் உண்டு என்றாள். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற பேச்சுக்கே இடமில்லை என்றாள்.

2. விதித்தாளை முதலில் வாசித்தல்

நூலைத் திறப்பதற்கு முன் விதித்தாளை வாசித்துவிடுங்கள். வயதை எந்த நாளின்படி கணக்கிடுகிறார்கள், பேச்சு எத்தனை நிமிடம், நேரம் மீறினால் எத்தனை மதிப்பெண் குறையும், பஞ்சாபி, ஆங்கிலம் இரண்டும் அனுமதியா, அட்டைகளைக் கையில் வைத்துக்கொள்ளலாமா ஆகிய ஐந்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். போட்டிக்குப் போட்டி இவை மாறும். சென்ற ஆண்டு அண்ணன் பேசினான் என்ற நினைவை நம்பி இறங்கியவர்கள், தவறான பிரிவின் நூலைப் படித்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

3. நூலை மூன்று முறை படித்தல்

முதல் முறை கதையாகப் படிக்க வேண்டும். வினாத்தாள் அருகில் இருக்கக் கூடாது. வினாவைப் பார்த்துவிட்டுப் படிக்கும் பிள்ளை விடையைத் தேடுமே தவிர நூலைப் படிக்காது. சிறு பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ பாட்டியோ உரக்க வாசிக்கலாம். பாட்டி வாசித்தால் நூலில் இல்லாத இரண்டு கதைகள் கூடுதலாக வரும், அது இலாபமே.

இரண்டாம் முறை, வினாக்களை வைத்துக்கொண்டு பென்சிலால் குறியிட்டுப் படிக்க வேண்டும். வினாக்களைக் கவனித்தால், என்ன நடந்தது, ஏன் நடந்தது, அது இன்று உனக்கு என்ன சொல்கிறது என்ற மூன்று அடுக்குகள் பெரும்பாலும் அவற்றில் இருப்பதைக் காணலாம். சீக்கியரின் ஒன்பதாம் குருவான குரு தேக் பகதூரைப் பற்றிய நூல் என்றால், 1675இல் தில்லியில் அவர் உயிர் நீத்தது முதல் அடுக்கு. தம் சமயத்தைக் காத்துக்கொள்ள முடியாமல் வந்து முறையிட்ட காசுமீரப் பண்டிதர்களுக்காக, அதாவது தாம் பின்பற்றாத ஒரு சமயத்தாரின் உரிமைக்காக, அவர் நின்றார் என்பது இரண்டாம் அடுக்கு. மூன்றாம் அடுக்குக்கு நூலில் விடை இருக்காது. பிள்ளையிடம்தான் இருக்கும்.

மூன்றாம் முறை ஆண்டுகளையும் பெயர்களையும் மட்டும் சரிபார்த்தால் போதும். ஓர் எச்சரிக்கை: பத்தாம் குருவான குரு கோபிந்த் சிங்கின் மூத்த புதல்வர்கள் அஜீத் சிங்கும் ஜுஜார் சிங்கும் சம்கௌரில் போரிட்டு இறந்த ஆண்டையும், இளையவர்கள் ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் சிர்ஹிந்தில் கொல்லப்பட்ட ஆண்டையும் சில நூல்கள் 1704 என்றும் வேறு சில 1705 என்றும் அச்சிடுகின்றன. குறித்துக் கொடுக்கப்பட்ட நூலில் உள்ள ஆண்டையே பிள்ளை சொல்லட்டும். வேறு ஆண்டைச் சொல்லும் நூல்களும் உண்டு என்பதை அறிந்திருக்கட்டும்.

4. எழுதுவதற்கு முன் பேசவைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

நூலை மூடிவைத்துவிட்டு, பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, வினாவை ஒவ்வொன்றாகக் கேட்டு, அது சொல்வதை அப்படியே பதிவுசெய்யுங்கள். இடையில் திருத்தக் கூடாது. ‘அந்தக் குரு… அவர் பேரு… சரி, அவர்’ என்று தடுமாறினாலும் விட்டுவிட வேண்டும். பிறகு அந்தப் பதிவைக் கேட்டு, பிள்ளை பயன்படுத்திய சொற்களை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பேச்சின் முதல் வரைவு அதுதான்.

இதற்கு நேர்மாறானதே வழக்கம். ‘வீர்ஜி (அண்ணா), நீங்கள் எழுதிக்கொடுங்கள், அவன் மனப்பாடம் செய்துவிடுவான்’ என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நான் மறுத்ததும் உறவினர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஒன்பது வயதுப் பையன் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொல்லி முடித்தான். நடுவர் ஒருவர், அவன் மூன்று முறை சொன்ன ஒரு நீளமான ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று அன்போடுதான் கேட்டார். பையன் தந்தையைப் பார்த்தான். தந்தை அந்த உறவினரைப் பார்த்தார். அடுத்த ஆண்டு அவன் பெயர் கொடுக்கவில்லை. மேடைப் பயத்தைப் போக்க அனுப்பப்பட்ட பையன் அதோடுதான் வீடு திரும்பினான்.

நம்பிக்கை எதிலிருந்து வருகிறது என்பதை இங்கே பார்க்கலாம். தான் எண்ணிச் சொன்ன ஒன்றைப் பற்றி யார் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் பிள்ளையால் இன்னொரு வாக்கியம் சொல்ல முடியும். பிறர் எண்ணியதை ஒப்பித்தால் அடுத்த வாக்கியம் இராது. சமய அடையாளமும் அவ்வாறே அமைகிறது. ‘ஐந்து ககாரங்கள் கேஷ், கங்கா, கரா, கச்சேரா, கிர்பான்’ என்று சீக்கியரின் ஐந்து சமயச் சின்னங்களை (வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளை, உள்ளாடை, குறுவாள்) பட்டியலிடும் பிள்ளைக்கு அது பாடம். ‘கணக்குப் பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்க்கப் போன கையில் கரா இருந்தது, கையை எடுத்துவிட்டேன்’ என்று சொல்லும் பிள்ளைக்கு அந்த இரும்பு வளை தன்னுடையது. இரண்டாவது வாக்கியத்தை எந்தப் பெரியவரும் எழுதிக்கொடுத்திருக்க முடியாது.

5. சொந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்தல்

மூன்றாம் அடுக்கு வினாவுக்கு ஒரு சொந்த நிகழ்வு வேண்டும். ஒன்று போதும், இரண்டு சொன்னால் இரண்டும் மங்கிவிடும். சிறிய நிகழ்வாக இருப்பது நல்லது. சமையற்கூடத்தில் பெரிய பாத்திரத்தைத் தேய்த்தது, சிறுவர் தலையில் கட்டும் துணியான பட்காவைத் தானே கட்டப் பழகிய முதல் காலை, வகுப்பு ஆசிரியை தன் பெயரிலுள்ள, சீக்கியப் பெண்களின் பெயரில் வரும் ‘கௌர்’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டது போன்றவை ஆறு நிமிடப் பேச்சைத் தாங்கும்.

பெற்றோர் பெரும்பாலும் வேறொன்றை விரும்புவார்கள்: பள்ளியில் தலைப்பாகைக்காகப் பிள்ளை கேலி செய்யப்பட்ட நிகழ்வு. அது அவையை உருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆறாத காயத்தை 300 பேர் முன்னிலையில் திறந்துகாட்டுமாறு ஒரு பத்து வயதுப் பிள்ளையைத் தூண்டுவது எனக்கு உடன்பாடானதன்று. பிள்ளை தானாகவே அதைச் சொல்ல விரும்ப வேண்டும். சொல்லும்போது குரல் உடையாமல் மூன்று முறை சொல்ல முடிய வேண்டும். நிகழ்வு ‘அவர்கள் என்னை இப்படிச் செய்தார்கள்’ என்று நிற்காமல் ‘பிறகு நான் இதைச் செய்தேன்’ என்று முடிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு நிகழ்வைத் தேடுங்கள். கேலி நின்றபாடில்லை என்றால் அதற்கு உரிய இடம் பள்ளி நிர்வாகம். பேச்சுப் போட்டி மேடை அதற்கு உதவாது.

மூத்த பிரிவினருக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வரும். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் மாநிலம் ஓக் கிரீக் குருத்வாராவில் நடந்த துப்பாக்கிச் சூட்டையோ, 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் தம் பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதியையோ சொல்லாமல் அவர்கள் பேச்சைத் தொடங்குவது அரிது. சொல்லட்டும், ஆனால் வினாவுக்கு அது விடையாகிறதா என்று கேளுங்கள். சட்டத்தின் வழியே நின்றவர்களின் எடுத்துக்காட்டு பல வேளைகளில் கூடுதலாகப் பொருந்தும். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2006இல், சில நிபந்தனைகளுடன் ஒரு சீக்கிய மாணவர் பள்ளிக்குக் கிர்பான் அணிந்து செல்லலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த நிபந்தனைகள் எவை என்று தேடிப் படித்த பதினாறு வயதுப் பெண், அதுவரை கூச்சத்தோடு சுற்றி வளைத்துப் பேசிய ஒன்றை நேராகப் பேசத் தொடங்கினாள்.

6. உரையை எழுதுதல்

இப்போதுதான் பேனா. பிள்ளைகள் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 சொற்கள் பேசுகிறார்கள் என்பது என் அளவை. ஆறு நிமிடம் என்றால் 650 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. மேடையில் பதற்றத்தால் வேகம் கூடும் என்று எண்ணிக் கூடுதலாக எழுதுவோர் உண்டு. மூச்சு வாங்குவதும், மறந்து நிற்பதும், அவை சிரிப்பதும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

சீக்கிய அவையில் பேச்சு ‘வாஹேகுரு ஜீ கா கால்சா, வாஹேகுரு ஜீ கீ ஃபதே’ என்ற வாழ்த்தோடு தொடங்கி அதே வாழ்த்தோடு முடியும். தொடக்க வாழ்த்துக்குப் பிறகு நேராக முதல் வினாவுக்குள் போய்விட வேண்டும். ‘மதிப்பிற்குரிய நடுவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே’ என்று அடுக்கும் பழக்கம் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். அங்கும் அரை நிமிடத்தை அதுவே தின்கிறது.

வினாக்களின் வரிசையிலேயே விடைகள் வரட்டும். நடுவர் கையில் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு கட்டம் இருக்கும். மாற்றி அமைத்த அழகான கட்டுரையில் அவர் இரண்டாம் விடையைத் தேடிக்கொண்டிருக்கும்போது பிள்ளை மூன்றாம் விடையை முடித்திருக்கும். நூலில் உள்ள கதையை முழுவதும் சொல்லிவிட்டு, கடைசி ஒரு நிமிடத்தில் மூன்றாம் அடுக்கை அவசரமாகத் தொடுவதுதான் நான் அதிகம் கண்ட பிழை. கதைக்குப் பாதி நேரம், மீதிப் பாதி ஏன் என்பதற்கும் பிள்ளையின் சொந்த விடைக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் இந்தக் கட்டத்தில் திருத்தலாம். விதி ஒன்றே: ஒரு வாக்கியத்தை வெட்டலாம், இடம் மாற்றலாம், ஆனால் பிள்ளை தன் வாயால் சொல்லாத சொல்லைச் சேர்க்கக் கூடாது.

7. குருபாணியை மேற்கோள் காட்டுதல்

குருபாணி என்பது சீக்கியரின் புனிதப் பாடல்கள். அதிலிருந்து ஒரு வரி போதும். அந்த ஒரு வரியின் சொல், பொருள், பாடியவர் மூன்றும் பிழையின்றி இருக்க வேண்டும். புனித நூலான குரு கிரந்த் சாகிப் சீக்கியருக்கு வாழும் குரு. அதன் வரியைத் தவறாகச் சொல்வது சாதாரண நினைவுப் பிசகாக அந்த அவையில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. நடுவர்கள் கண்டிக்க மாட்டார்கள், ஆனால் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் மெல்லத் திருத்திச் சொல்வார். அதோடு பிள்ளையின் இழை அறுந்துவிடும்.

பாடியவரை மாற்றிச் சொல்வது மிகவும் பரவலான பிழை. எளியோருக்காகப் போராடுபவனே வீரன் என்னும் பொருளில் வரும் ‘சூரா சோ பஹிசானியை’ என்ற வரியை, வாளேந்திய உருவம் மனத்தில் இருப்பதால், குரு கோபிந்த் சிங்கின் வரி என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அது பக்த கபீருடையது. குரு கிரந்த் சாகிபில் 1105ஆம் அங்கத்தில், அதாவது பக்கத்தில், உள்ளது. குரு நானக்கின் வருகையால் பனி விலகி உலகில் ஒளி பிறந்தது என்னும் வரி குரு நானக் பாடியது என்று எண்ணப்படுகிறது. பாடியவர் பிற்காலத்துச் சீக்கியப் புலவர் பாயி குர்தாஸ். மனித இனம் முழுவதையும் ஒன்றென அறிக என்னும் ‘மானஸ் கீ ஜாத்’ என்ற வரி குரு கோபிந்த் சிங்கின் ‘அகால் உஸ்தத்’ என்னும் பாடலில் வருவது, அது குரு கிரந்த் சாகிபில் இல்லை.

வரியை யாரிடமிருந்து கற்பது என்பதும் முக்கியம். இணையத்தில் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டதை வைத்து உச்சரிக்கப் பழகினால் பஞ்சாபியின் வன்மையும் மென்மையும் தலைகீழாகிவிடும். கிரந்தியிடம் இரண்டு முறை சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கிரந்தியிடம் முதன்முதலாகத் தனியே பேசியதே இதற்காகத்தான். ஒரு பையன் பேச்சுப் போட்டி முடிந்த பிறகும் சனிக்கிழமை தோறும் அவரிடம் குர்முகி வாசிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

8. நின்றுகொண்டு பழகுதல்

ஐந்தாம் வாரத்திலிருந்து உட்கார்ந்து பழகக் கூடாது. வரிக்கு வரி மனப்பாடமும் வேண்டாம். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும், குருபாணி வரியையும், முடிவு வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருவாக்கி, இடையில் உள்ளதை அன்றன்று வாய்க்கு வந்த சொற்களில் சொல்லப் பழக்குங்கள். முழு மனப்பாடம் சங்கிலி போன்றது. ஒரு கண்ணி கழன்றால் எல்லாம் போய்விடும். பத்தித் தலைப்புகளை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை அடுத்த பத்திக்குத் தாவிவிடும், அவைக்கும் தெரியாது.

இடத்தையும் படிப்படியாக மாற்றுங்கள்: முதலில் வீட்டுக் கூடம், பிறகு லங்கர் முடிந்த பின் காலியான சாப்பாட்டுக் கூடம், கடைசியில் வழிபாடு நடக்கும் தர்பார் மண்டபம். ஒலிவாங்கியில் ஒரு முறையேனும் பேசிப் பார்க்க வேண்டும். தன் குரலே பெரிதாகத் திரும்பி வருவதைக் கேட்டுப் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

9. கேள்விகளுக்குப் பழகுதல்

எல்லாப் போட்டிகளிலும் கேள்விச் சுற்று இருப்பதில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஒன்றும் அறியாத அந்த இரண்டாம் ஆள் இங்குதான் தேவைப்படுகிறார். ‘உன் தலையில் இருப்பது என்ன?’, ‘முடியை வெட்டினால் என்ன ஆகும்?’, ‘உன் கடவுளின் பெயர் என்ன?’ என்று அவர் கேட்கட்டும். பள்ளிப் பேருந்தில் வரப்போகும் கேள்விகளும் இவைதாம்.

‘எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்’ என்பதும் ஒரு விடை என்று சொல்லிக்கொடுங்கள். இதைச் சொல்லத் தெரியாத பிள்ளை கதை கட்டும்.

10. போட்டி நாள்

தலையை மூடி, காலணி கழற்றி, குரு கிரந்த் சாகிபின் முன் வணங்கிவிட்டுத்தான் அமர்வார்கள். இதற்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மேடையில் எங்கே நிற்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள், குரு கிரந்த் சாகிபுக்கு முதுகு காட்டி நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

கைதட்டலைப் பற்றி முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். தர்பார் மண்டபத்தில் பொதுவாகக் கை தட்டுவதில்லை. ‘போலே சோ நிஹால்’ என்று ஒருவர் எழுப்ப, ‘சத் ஸ்ரீ அகால்’ என்று அவை முழங்கும், சில வேளை அதுவும் இராது. பள்ளி மேடையில் பழகிய ஒரு சிறுமி, பேசி முடித்ததும் சூழ்ந்த அமைதியைத் தோல்வி என்று எண்ணி அழுதுவிட்டாள். அவளுக்கு அன்று இரண்டாம் பரிசு.

11. மறுநாளும் அதற்குப் பிறகும்

மதிப்பெண் தாளை அன்றிரவே பிரித்துப் பேசாதீர்கள். இரண்டு நாள் கழித்து, நடுவர் எழுதிய குறிப்பில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள்.

பிறகு அந்தப் பேச்சை இரண்டு நிமிடமாகச் சுருக்கி, பள்ளி வகுப்பறையில் பேசவையுங்கள். கனடாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏப்ரல் மாதம் சீக்கியப் பாரம்பரிய மாதம். ஒன்டாரியோ மாகாணத்தில் 2013 முதலே அப்படி. அந்த மாதத்தில் ஆசிரியரிடம் வாய்ப்புக் கேட்பது எளிது. குருத்வாராவில் பேசுவது தன்னை அறிந்தவர்கள் முன் பேசுவது. வகுப்பறையில் தலைப்பாகையோ சடையோ தன்னை ஒருவனாக, ஒருத்தியாகத் தனித்துக் காட்டும் இடத்தில் பேச வேண்டியிருக்கிறது. எட்டு வாரத்தில் சேர்ந்த நம்பிக்கை எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும்.

நான்காம் படியில் எடுத்த குரல் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த பருவத்து நூல் வந்ததும் முதலில் அதைப் போட்டுக் கேட்கச் செய்யுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் தன் பழைய பதிவைக் கேட்டுவிட்டு, இந்தத் தடவை நூலைத் தானே உரக்க வாசிப்பதாகச் சொல்லி, ஆறு வயதுத் தங்கையை எதிரில் உட்காரவைத்துக்கொண்டான்.